வயிற்றில் வந்த டிரெஸ்ஸிங்

மந்திக்குளத்தில் மூளையைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக விளையும். அந்த ஊர் ஓட்டலில் தலைமைச் சமையல்காரர் ஆவுடையப்பன். அவருக்குக் கையாள் இரண்டு பேர், இசக்கியும் சங்கிலியும். மூவருமே சொன்ன சொல் தட்டாதவர்கள். அதுதான் சிக்கலே.

பக்கத்துக் காற்றாலைக்கு வேலை பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்கள், வெள்ளரிக்காயும் தக்காளியும் நறுக்கி வைத்தால், "மேலே ஊற்றுவது எங்கே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். முதலாளி நல்லபெருமாளுக்குப் பொறுக்கவில்லை.

"வே ஆவுடையப்பன், இத்தாலி, பிரான்ஸ், ஜப்பான் மூணுக்கும் போயிட்டு வாங்க. சாலட் மேல அங்க என்னத்த ஊத்துதானோ, அந்த டிரெஸ்ஸிங்கை நாட்டுக்கு ஒரு பாட்டில் கொண்டாரணும். ஒரு சொட்டு குறைஞ்சாலும் உம்ம கரண்டியைப் பிடுங்கி என் மச்சான் கையில குடுத்துருவேன், பாத்துக்கும்!"

முப்பது வருஷம் பிடித்த கரண்டி. ஆவுடையப்பன் கையாட்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே மூட்டை கட்டினார்.

போனார்கள். இத்தாலியில் ஆலிவ் எண்ணெயும் வினிகரும் ஊற்றினார்கள். பிரான்சில் அதிலேயே கடுகை அரைத்துக் கலக்கியிருந்தார்கள். "பாவம், தாளிக்கத் தெரியாம அரைச்சுட்டானுவ" என்று இசக்கி உச்சுக்கொட்டினான். ஜப்பானில் எள். அதைப் பார்த்ததும் சங்கிலி, "ஐயோ, யாரு போயிட்டாவ?" என்று பரிமாறியவரைக் கட்டிப்பிடித்து அழுதான்.

திரும்பும்போது விமான நிலையக் காவலர் பாட்டில்களைத் தடுத்தார். கூட வந்த வழிகாட்டி விளக்கினார்: "இவ்வளவு பெரிய பாட்டிலைக் கையில கொண்டுபோகக் கூடாதாம்."

மூவரும் ஓரமாக உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"கையிலதானே கூடாது, அண்ணாச்சி?" என்றான் இசக்கி.

"வயித்துல கூடாதுன்னு சொல்லலியே" என்றான் சங்கிலி.

"நாட்டுக்கு நாடு கலந்துராம, ஆளுக்கு ஒண்ணா குடிங்கலே" என்ற ஆவுடையப்பன், இத்தாலியை மடமடவென்று உள்ளே இறக்கினார்.

விமானத்தில் பச்சைத்தண்ணீர்கூடத் தொடவில்லை. டிரெஸ்ஸிங் நீர்த்துப்போகுமே! நடுவானத்தில்தான் இசக்கி காலிப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தான். ஊற்றுமுன் நன்றாகக் குலுக்கவேண்டும் என்று படம் போட்டிருந்தது. இறங்கும்வரை மூவரும் இருக்கையிலேயே குதித்துக்கொண்டு வந்தார்கள். குமட்டியபோதெல்லாம் ஆவுடையப்பன் கரண்டியை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலாளி ஓட்டல் வாசலிலேயே நின்றார். "எங்கவே டிரெஸ்ஸிங்?"

"ஒரு சொட்டு குறையல, மொதலாளி" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார் ஆவுடையப்பன்.

முதலாளி தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "டிரெஸ்ஸிங் காய்க்கு மேலதானே இருக்கணும்? இது முந்திக்கிட்டு உள்ள போயிருச்சு. இனிமே காயைத் தின்னா, காய்தானே மேல நிக்கும்! எல்லாம் போச்சு. மச்சான், வந்து கரண்டியை வாங்கிக்கோ!"

மச்சான் வாங்கியும்விட்டார். ஆவுடையப்பன் விறுவிறுவென்று சுவரோரம் போய்த் தலைகீழாக நின்றார்.

"இப்ப ஊட்டுங்கலே வெள்ளரிக்காயை! கீழேயிருந்து போகுது பாருங்க மொதலாளி. காய் கீழ, டிரெஸ்ஸிங் மேல!"

முதலாளி குனிந்து பார்த்தார். சுற்றி வந்தும் பார்த்தார். "அட, ஆமாவே!" என்று மச்சானிடமிருந்து கரண்டியைப் பிடுங்கி, ஆவுடையப்பனின் கால்விரலிடுக்கில் செருகினார்.

மறுநாள் ஓட்டலிலிருந்து நாற்காலி மேசையெல்லாம் வெளியேறின. சுவரில் ஒரு பலகையை, வாசிப்பவர் வசதிக்காகத் தலைகீழாக மாட்டினார்கள்:

"சாலட் சாப்பிடுவோர் முதலில் டிரெஸ்ஸிங்கைக் குடிக்கவும். பிறகு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்ளவும்."