ராயர் போட்ட தூண்டில் முடிச்சு

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள், ஓர் அரசருக்குத் தூண்டில் பைத்தியம் பிடித்தது. அரண்மனைக் குளத்தில் ஆள் உயர வாளை மீன் ஒன்று இருந்தது. வீசுவதற்குத் தடித்த பட்டுக்கயிறு. மீன் கண்ணில் படாமலிருக்க அதன் நுனியில் மெல்லிய குதிரைமயிர்ச் சரடு. இரண்டும் சேருகிற முடிச்சில்தான் தகராறு. வாளை ஓர் இழுப்பு இழுக்கும், முடிச்சு நழுவும், அரசர் பொத்தென்று மல்லாக்க விழுவார்.

ஏழாவது முறை விழுந்ததும் ஆணை பிறந்தது.

"அமைச்சர்கள் ஆறு பேரும் ஆளுக்கொரு முடிச்சுப் போட்டு வாருங்கள். நம்பகமானதை விகடகவி குட்டியாண்டி தேர்ந்தெடுக்கட்டும்!"

"தவறினால் அவன் குடுமியைச் சிரைத்து நாடு கடத்த வேண்டும், மன்னா!" என்றார் தலைமை அமைச்சர் உத்தண்டராயர். குட்டியாண்டியின் பேரைக் கேட்டாலே அவருக்கு வயிறு எரியும். அரசரும் தலையாட்டிவிட்டார்.

மாட்டிக்கொண்டான் குட்டியாண்டி. இடுப்பு வேட்டியையே அவிழாமல் கட்டத் தெரியாதவன் அவன்!

மறுநாள் காலை, குளக்கரையில் ஆறு தூண்டில்கள். ஐந்தில் முடிச்சு பூப்போல அழகு. ராயருடையது மட்டும் கன்னாபின்னாவென்று இருந்தது. அமைச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டதைக் குட்டியாண்டி கவனித்தான்.

"எங்கள் முடிச்சுகள் யானை இழுத்தாலும் அவிழா," என்றார் ராயர்.

"அப்படியா? அரசே, பட்டத்து யானையை வரவழையுங்கள். கயிற்றை அது இழுக்கட்டும். சரட்டு நுனியை அமைச்சர் பெருமக்கள் தத்தம் குடுமியில் கட்டிக்கொள்ளட்டும்," என்றான் குட்டியாண்டி.

ஐந்து பேரும் சிரித்தபடியே கட்டிக்கொண்டார்கள். ராயர் மட்டும் இரண்டு கையாலும் குடுமியைப் பொத்திக்கொண்டு, "ஐயையோ, வேண்டாம்! தலையே பிய்ந்து வந்துவிடும்!" என்று அலறினார்.

குட்டியாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இதுதான் நம்பகமான முடிச்சு, அரசே! நழுவும் என்று தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். நழுவாது என்று தெரிந்தவர் அலறுகிறார்."

யானை கயிறுகளை இழுத்தது. ஐந்து முடிச்சும் வழுக்கிக்கொண்டு வந்தன. பயந்துபோன ஐவரும் உளறிக் கொட்டினார்கள்: நழுவும்படி போடச் சொன்னவரே ராயர்தானாம். நல்ல முடிச்சை அசிங்கமாகப் போட்டு, குட்டியாண்டி தோற்ற பிறகு அரசரிடம் காட்டிப் பரிசு வாங்கத் தனக்கென வைத்துக்கொண்டாராம்.

அந்த முடிச்சோடு அரசர் தூண்டிலை வீசினார். வாளை கரைக்கு வந்தது! அரசர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கேள் குட்டியாண்டி, என்ன வேண்டும்?"

நழுவிய வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, "தினமும் காலையில் ராயர் என் வேட்டிக்கு இந்த முடிச்சைப் போட்டுவிட்டால் போதும், மன்னா," என்றான் அவன்.

அப்படியே ஆணை ஆயிற்று. அதன்பின் குட்டியாண்டியின் வேட்டி ஒருநாளும் அவிழவில்லை. அவிழ்ப்பதற்கும் ராயரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.