பச்சைத் துணி கட்டிய கழி

இக்கதையை இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு தை மாதத்தில், சேத்துப்பட்டுச் சந்தையில் கன்னியப்பன் என்பவர் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டேன். மரம் அறுக்கும் குழுவில், மரம் வேண்டிய பக்கம் சாயும்படி கயிறு பிடிப்பது அவர் தொழில். கதையில் வரும் புளியமரத்துக்கும் தாமே கயிறு பிடித்ததாகச் சொன்னார். அதைச் சரிபார்க்க எனக்கு வழி கிடைக்கவில்லை. வேறு மூவரும் இதே கதையை எனக்குச் சொல்லியிருக்கின்றனர். முடிவு வேறுபடுவதைக் கடைசியில் குறிக்கிறேன்.

ஏரிக்கரைச் சாலையின் ஓரத்தில் சிறு மடம் ஒன்று இருந்தது. சொர்ணவல்லி அம்மை அதன் தலைவி. அவருக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் ஏகாம்பரத்துக்கு அறுபத்திரண்டு. முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், முன்கோபத்துக்குப் பேர்போனவர். ஒருமுறை ரயில்வே கேட்டில் காத்திருக்கப் பொறுக்காமல் கேட் காப்பவரை அறைந்து, ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டவர். மடத்திலும் அவரை டிரைவர் என்றே அழைத்தனர்.

ஒரு நாள் காலையில் அவர் துணிமணிகளைப் பையில் கட்டிக்கொண்டு அம்மையின் முன் வந்து நின்றார்.

“தாயே, மவன் வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன்.”

“ஏன் டிரைவரே, இங்க சோறு சரியில்லையா?”

“சோத்துக்கு ஒரு குறையும் இல்ல. மூணு வருஷமா விடியக்காலையில கண்ணை மூடி உக்கார்றேன். ஒண்ணும் நடக்கல. நடக்குதுன்னு ஒரு அடையாளம் காட்டுங்க, இருந்துடறேன். இல்லேன்னா சாயங்கால வண்டிக்குக் கிளம்பறேன்.”

அம்மை பதில் சொல்வதற்குள் வாசலில் குரல் கேட்டது. மரம் அறுக்கும் குழுவின் மேஸ்திரி முனிரத்தினம் தண்ணீர் கேட்டு வந்திருந்தார். முந்தைய வாரத்துப் புயலில் ஒரு புளியமரம் சாலையின் பக்கம் சாய்ந்துவிட்டது. அடுத்திருந்த மரத்தில் பொந்து விழுந்திருந்தது. இரண்டையும் அன்று வெட்டியாக வேண்டும்.

“தெக்கு முனையில கொடி பிடிக்கிற ஆளுக்குக் காய்ச்சல் தாயே. முகூர்த்த நாள் வேற. வண்டி நிறைய வரும். மடத்துல யாரையாவது அனுப்புனா புண்ணியமாப் போவும்.”

“எங்க டிரைவர் வருவாரு.”

முனிரத்தினம் சிரித்துவிட்டார். “இவரா? பஸ்ஸை நிறுத்தச் சொன்னதுக்கு இவரு எங்க ஆளுங்களைத் திட்டின திட்டு இன்னும் காதுல நிக்குது.”

“தெரியும்,” என்றார் அம்மை. பிறகு ஏகாம்பரத்திடம், “சாயங்கால வண்டிக்கு நேரம் இருக்கே. நின்னுட்டு வந்துடுங்க,” என்றார்.

அவ்விடத்தில் சாலை ஏரியைச் சுற்றி வளைகிறது. வடக்கு முனையில் நிற்பவருக்குத் தெற்கு முனை தெரியாது. மரங்கள் இருவருக்குமே தெரியா. அந்நாளில் கைப்பேசியும் இல்லை. ஆகவே அக்குழுவினர் ஒரு முறை வைத்திருந்தனர். மரம் சாயும்வரை இரு முனைகளும் மூடியிருக்கும். ஒரு வண்டி போகும் அளவு வழி ஒதுக்கியதும், மேஸ்திரி தம்மிடமுள்ள கழியை வடக்கு முனைக்குக் கொடுத்தனுப்புவார். அதன் நுனியில் பச்சைத் துணி கட்டியிருக்கும். (கன்னியப்பன் மூங்கிற்கழி என்றார், மற்றொருவர் நொச்சி என்றார்.) வடக்கே காத்திருக்கும் வண்டிகள் முதலில் வரும். அவற்றுள் கடைசி வண்டிக்காரர் கழியைக் கொண்டுவந்து தெற்கே ஒப்படைப்பார். எதிரே வண்டி இல்லை, எந்த மரத்திலும் அறுக்கும் வாள் இல்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

“கழி கைக்கு வராம யாரையும் விடாதீங்க. கலெக்டரே வந்தாலும்,” என்று சொல்லிவிட்டு முனிரத்தினம் போனார்.

ஏகாம்பரம் சாலையின் குறுக்கே முள்ளை இழுத்துப் போட்டு, சிவப்புக் கொடியுடன் நின்றார். எட்டு மணி அளவில் மரம் விழும் ஓசை கேட்டது. சற்று நேரத்தில் வடக்கிலிருந்து ஒரு லாரி வந்தது. பிறகு ஒரு பேருந்து, இரண்டு மாட்டுவண்டிகள். அதன்பின் ஒன்றும் வரவில்லை. கழியும் வரவில்லை.

தெற்கே முதலில் நின்றது மணமகன் வீட்டாரின் வேன். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. மண்டபம் வளைவுக்கு அப்பால் இரண்டு கல் தொலைவில். மணமகனின் தாய்மாமன் இறங்கி வந்தார்.

“அதான் அந்தப் பக்கத்து வண்டியெல்லாம் வந்துடுச்சே. முள்ளை எடு.”

“கழி வரலீங்க.”

“கழியாவது கம்பாவது! மரம் விழுந்த சத்தம் உனக்குக் கேக்கலையா?”

“கேட்டுது. இன்னொரு மரம் பாக்கியிருக்கு. அதுல கை வெச்சிருந்தா?”

“வெச்சா வாள் சத்தம் கேக்காதா?”

“காத்து நம்ம பக்கம் அடிச்சாக் கேக்கும்.”

பின்னால் நின்ற வண்டிகள் ஒலி எழுப்பின. வேனுக்குள்ளிருந்து ஒரு பெண் தலையை நீட்டினார். “யோவ் சாமியாரே! உனக்குக் கல்யாணம் ஆவல, அந்த வயித்தெரிச்சல்லதான் எங்களை நிறுத்தி வெச்சிருக்கே!”

“எனக்கு ஆயிடுச்சும்மா. முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினேன். அவசரப்பட்டுத் தாலி கட்டி என்ன கண்டேன்?”

வேனுக்குள் சிரிப்பு எழுந்தது. மணமகனும் சிரித்தாராம். தாய்மாமன் மட்டும் சிரிக்கவில்லை.

“நான் நடந்துபோய்ப் பார்த்துட்டு வர்றேன்.”

“வேணாங்க. நடந்து வர்றவன்னு பார்த்து மரம் ஒதுங்கி விழாது.”

தாய்மாமன் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். “என் தங்கச்சி மவன் முகூர்த்தம் தவறிச்சுன்னா உன் மடத்துல ஓடு நிக்காது!”

ஏகாம்பரம் கொடியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். “தவறாதுங்க. பத்தரை வரைக்கும் இருக்கு,” என்றார்.

முக்கால் மணி நேரம் சென்றது. ஒன்பதை நெருங்கும்போது ஏரிக்கரைப் பாதை வழியாக ஒரு பால்காரர் சைக்கிளை வேகமாக மிதித்து வந்தார். கையில் பச்சைத் துணி கட்டிய கழி. வடக்கே கடைசியாக நின்றவர் அவர்தாம். கழியைப் பால்கேனில் செருகிக்கொண்டவர், வழக்கம்போல வளைவுக்கு முன்பே சாலையை விட்டு ஏரிக்கரைப் பாதையில் இறங்கித் தம் வீட்டுக்குப் போய்விட்டார்.

“வீட்டுக்காரி கேட்டா, மாடு ஓட்டற கழிக்கு எதுக்குய்யா பாவாடை கட்டியிருக்கேன்னு. அப்பத்தான் நெனப்பு வந்துச்சு,” என்று மூச்சு வாங்கினார்.

ஏகாம்பரம் முள்ளை இழுத்து ஒதுக்கினார். வேன் போயிற்று. தாலி குறித்த வேளைக்குள் ஏறியது.

இரண்டாவது மரமும் முடிந்து, மாலையில் முனிரத்தினம் கழியை வாங்கிக்கொள்ள மடத்துக்கு வந்தார். “தெக்கால இன்னும் வண்டி வரல போலன்னு நெனச்சு நாங்க உக்காந்து கூழ் குடிச்சிக்கிட்டிருந்தோம். ரெண்டாவது மரத்தை மத்தியானந்தான் தொட்டோம். அந்த முக்கால் மணி நேரமும் ரோடு துடைச்சு வெச்ச மாதிரி காலியா இருந்துச்சு, டிரைவரே.”

மணமக்களின் வேனும் திரும்பும்போது மடத்தின் முன் நின்றது. தாய்மாமன் இறங்கி, ஒரு பொட்டலம் லட்டை ஏகாம்பரத்தின் கையில் திணித்தார். “பிடிவாதக்காரரே, சாப்பிடும்,” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

ஏகாம்பரம் பொட்டலத்துடன் அம்மையிடம் சென்றார். அவருடைய பை காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது.

“திட்டினாங்களா?” என்று அம்மை கேட்டார்.

“திட்டினாங்க. சட்டையையும் பிடிச்சாங்க.”

“நீங்க?”

“கொடியைக் கை மாத்திக்கிட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன தாயே? ரோடு சும்மாத்தான் கிடந்திருக்கு. அத்தனை நேரம் நின்னேன். ஒண்ணும் நடக்கல.”

அம்மை பொட்டலத்தைப் பிரித்து ஒரு லட்டை எடுத்துக்கொண்டார்.

“அதுக்குத்தானே நின்னீங்க?”

ஏகாம்பரம் பையிலிருந்த வேட்டியை எடுத்து உதறித் துணிக்கொடியில் போட்டார்.

மற்ற மூவர் சொல்வது வேறு. அந்த முக்கால் மணி நேரத்தில் பொந்து மரத்தின் பெருங்கிளை முறிந்து சாலையின் குறுக்கே விழுந்தது என்றும், மணமகன் வீட்டார் ஏகாம்பரத்தின் காலில் விழுந்து வணங்கினர் என்றும் அவர்கள் முடிக்கின்றனர். அம்மையின் கடைசிச் சொல் அம்மூவர் கதையிலும் இல்லை.

இதைக் கன்னியப்பனிடம் கூறினேன். அவர் புளியம்பழம் எடைபோடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கயிறு பிடிச்சவன் நான் சொல்றேன். கிளை விழல,” என்றார்.