எடுக்காத சிப்பாய்

"அக்கா, ஹாஜிராவோட வீக்னஸ் என்னன்னு மட்டும் சொல்லுங்க. ரொம்ப ஓஞ்சு போய்ட்டேன்."

பெனிட்டா, ஹாஜிரா இருவருக்கும் செஸ் கற்றுக்கொடுத்தவள் கனியக்கா. இன்று கடைசிச் சுற்றில் அவர்கள் இருவரும்தான் எதிரெதிரே. ஜெயிப்பவள் மாநில அணிக்குப் போவாள், தோற்பவள் வீட்டுக்குப் போவாள். பெனிட்டா ஏற்கெனவே இரண்டு முறை அரைப் புள்ளியில் கோட்டை விட்டவள். வயது வரம்பும் இந்த வருடத்தோடு முடிகிறது.

கனியக்கா ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்தாள்.

"அவளும் காலையில வந்து உன்னோடதைக் கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

கனியக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள்.

அக்கா ஹாஜிராவிடம் சொல்லிவிட்டாள் என்றே பெனிட்டா முடிவு கட்டினாள். தன் பலவீனம் தனக்கே தெரியாதா என்ன? ஓசியில் ஒரு காய் கிடந்தால் கை சும்மா இருக்காது. போன மாதம் இனாமாகக் கிடந்த குதிரைக்கு ஆசைப்பட்டு ராணியைப் பறிகொடுத்தவள்.

ஆட்டம் நாலரை மணி நேரம் இழுத்தது. சுற்றியிருந்த மேசைகள் எல்லாம் காலி. நடுவர் கொட்டாவியை மறைப்பதைக்கூட விட்டுவிட்டார்.

ஐம்பத்தெட்டாவது நகர்த்தலில் ஹாஜிராவின் சிப்பாய் ஒன்று காவலே இல்லாமல் நின்றது. வெட்டினால் ஆட்டம் பெனிட்டாவுடையது.

யானையைத் தொடப்போன கையை இழுத்துக்கொண்டாள். எனக்கேவா வலை விரிக்கிறாய் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கினாள்.

அந்தச் சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக நடந்து, கடைசி வரிசையில் ராணியானது.

பெனிட்டா தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தாள். அழுகை வந்தது. அழத் தெம்பில்லை.

ஜெயித்தவளும் மேசைமேல் தலையைச் சாய்த்துக் கிடந்தாள்.

"ஏ பிள்ள, அந்தச் சிப்பாயை ஏன் எடுக்கல? அசதியில கவனிக்காம விட்டுட்டேன். நீ வெட்டியிருந்தா கை குடுத்துட்டுப் போய்ப் படுத்திருப்பேன்."

பெனிட்டா காய்களைப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தாள்.

"அக்காதான் உங்கிட்ட என் வீக்னஸைச் சொல்லிட்டாங்களே. அதை வச்சு என்னை மாட்டிவிடப் பாக்கிறன்னு நெனச்சேன்."

"அக்கா ஒண்ணும் சொல்லலியே."

ஹாஜிரா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள்.

"என்னது அது, உன் வீக்னஸ்?"