நண்டு தன் ஓட்டைக் கழற்றிய நாள்

அந்தக் காலத்தில், நண்டும் நாரையும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிய காலத்தில், சங்குக்குள் குடியிருக்கும் நண்டுக்குச் சங்கே தேவைப்படவில்லை. அதற்கென்று சொந்தமாக ஓர் ஓடு இருந்தது. தேங்காய்ச் சிரட்டை அளவு. கல்லைப் போட்டாலும் உடையாது. நண்டுக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. மழைக்கு ஒதுங்க வந்த பூச்சியைக்கூட, "இது சத்திரமில்ல, என் வீடு" என்று விரட்டிவிடும்.

ஒரு மார்கழியில் வாடைக்காற்று பேயாட்டம் ஆடியது. கடலுக்குப் போயிருந்த மீனவன் முத்துமாலையின் தோணி, கரைக்கு வரும் வழியில் பாறையில் மோதிச் சிதறியது. அவன் ஒரு பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலையில் கிடந்தான். கரையில் இருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அவன் மனைவி பேச்சி நிற்கவில்லை. கொழுந்தன் இசக்கியை இழுத்துக்கொண்டு போய், மணலில் கிடந்த பழைய தோணியைக் கடலில் தள்ளினாள். குளிருக்குப் பயந்து நம் நண்டு அந்தத் தோணியின் மூலையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. அது கண் விழித்தபோது சுற்றிலும் கடல்.

தோணியில் ஆயிரம் பொத்தல். இசக்கி துடுப்பை விட முடியாது. பேச்சிதான் மரச்சட்டியால் தண்ணீர் இறைத்தாள். பாதி வழியில் ஓர் அலை அந்தச் சட்டியையும் அடித்துக்கொண்டு போனது. இனி வெறும் கைதான். அள்ள அள்ள விரலிடுக்கில் ஒழுகியது. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது.

"மதினி, திரும்பிருவமா?" என்றான் இசக்கி.

"அவுக இல்லாம அங்க எனக்கு என்ன இருக்கு? நீ துடுப்பைப் போடு."

தண்ணீருக்குத் தப்பித் தோணியின் குறுக்குப் பலகையில் ஏறிய நண்டு அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

"எய்யா நண்டு, உன் ஓட்டைத் தாயேன். இறைக்க ஒண்ணுமில்ல."

"தந்துட்டா நான் எங்க போவேன்?"

பேச்சி ஒரு கணம் யோசித்தாள். "தெரியலய்யா" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். பிடுங்கியே இருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? அவள் இரண்டும் செய்யாமல், குனிந்து மறுபடி கையாலேயே அள்ளத் தொடங்கினாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அதனால்தான்.

நண்டு அந்தக் கைகளையே பார்த்தது. நகக்கண்ணெல்லாம் ரத்தம். அலைக்கு அப்பால் முத்துமாலை கூப்பிடுவது கேட்டது. ஒவ்வொரு தடவையும் குரல் இன்னும் மெலிந்தது.

நண்டு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டைக் கழற்றியது.

"இந்தா. வெரசா இறை."

பேச்சி இறைத்தாள். இசக்கி துடுப்புப் போட்டான். முத்துமாலையை முடியைப் பிடித்துத் தூக்கித் தோணியில் போட்டார்கள். கரை வரும்வரை அவள் கை நிற்கவில்லை. கல்லுக்கு உடையாத ஓடு, பலகையில் இடித்து இடித்துக் கரையேறும்போது சில்லுச் சில்லாகப் போயிருந்தது.

முத்துமாலையை நெருப்பருகே கொண்டுபோனார்கள். நண்டு மணலில் கிடந்து நடுங்கியது. அதன் வெறும் உடம்பைப் பார்த்துவிட்டுக் கடற்காக்கைகள் தாழ வந்தன. பேச்சி ஓடிவந்து உள்ளங்கையால் மூடினாள்.

புயல் ஒதுக்கிய பலகை, கயிறு, சங்கு எல்லாவற்றையும் ஊரார் அதற்குள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒதுங்கியது எடுத்தவருக்குச் சொந்தம் என்பது அங்கே வழக்கம்.

"சங்கை மட்டும் யாரும் தொடாதீக!" என்று பேச்சி கத்தினாள். "முதல்ல இவன் பாக்கட்டும்."

முணுமுணுப்பு எழுந்தது. நெருப்பருகே பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்த முத்துமாலை, "அவன் இல்லாட்டி நான் இல்ல. கீழ வைங்க" என்றான். வைத்தார்கள்.

நண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தது. ஒரு சங்குக்குள் விழுந்து உருண்டது. இன்னொன்றில் பாதியிலேயே மாட்டிக்கொண்டது, பேச்சிதான் இழுத்துவிட்டாள். மூன்றாவதற்குள் பின்பக்கமாக நுழைந்து பார்த்தது.

"உள்ள வளைஞ்சுல்லா கிடக்கு?"

"நீயும் கொஞ்சம் வளைஞ்சுக்கோயேன்யா."

"நான் வளந்துட்டா?"

"வேற பாரு. காலியாக் கிடக்கதெல்லாம் உனக்குப் போகத்தான் எங்களுக்கு."

அன்று முதல்தான் அந்த நண்டின் உடம்பு சங்குக்கேற்ப வளைந்திருக்கிறது. வளர வளர வீடு மாறுகிறது. கடற்கரையில் சங்கை எடுக்கிறவர்களும் அன்று முதல்தான் அதைத் திருப்பி உள்ளே பார்க்கிறார்கள். யாராவது குடியிருந்தால், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள்.