பெயர் தேய்த்த அண்டா

இந்த வழக்கில் திருடன் பிடிபட்ட பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது.

தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர். அங்குள்ள காவல் நிலையத்துக்குப் பயிற்சிக்காக வந்திருந்தாள் தமயந்தி. குற்றவியல் முதுகலை மாணவி. திருடுகிறவன் மனம் எப்படி வேலை செய்கிறது, பறிகொடுத்தவர்கள் அதற்குப் பிறகு என்ன ஆகிறார்கள் என்பதெல்லாம் அவள் பாடம்.

"என்ன ஆவாங்க? தினம் இங்க வந்து என் உயிரை எடுப்பாங்க. இதுக்குப் போய் ஒரு படிப்பா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டார் ஏட்டு சொரிமுத்து.

பிடிபட்டவன் பேச்சிமுத்து. ஆள் அசந்த நேரத்தில் பாத்திரம் தூக்குகிறவன். மூன்று இடங்களில் மூன்று பித்தளை அண்டாக்களை எடுத்ததாக ஒப்புக்கொண்டான். மூன்றும் ஒரே அளவு, ஒரே வடிவம். இரண்டை வெளியூரில் விற்றுவிட்டான், அவை உருக்கப்பட்டுவிட்டன. மூன்றாவது, உள்ளூர்ப் பழைய பாத்திரக் கடையில் அகப்பட்டது. அதன் கழுத்தில் பெயர் வெட்டியிருந்த இடத்தை அரம் போட்டுத் தேய்த்திருந்தான். உள்ளங்கை அகலத்துக்கு வெறும் கீறல். இது யார் வீட்டுடையது என்று கேட்டதற்கு, மறந்துபோச்சு என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

பறிகொடுத்த மூன்று பேரும் வந்தார்கள். மூவரும் அது தங்களுடையதுதான் என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் தொல்லை. அவரவர் கண்ணுக்கு அது அவரவர் அண்டாவாகவே தெரிந்தது.

பாக்கியத்தாய் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பூட்டு உடைந்திருந்தது. அண்டாவின் அடியில் இருந்த நசுங்கலைத் தடவிப் பார்த்து, இது எங்கள் கிணற்றடியில் விழுந்த நசுங்கல்தான் என்று கண் கலங்கினார். திருடனைக் காட்டியபோது, இந்த மூஞ்சியா என் பூட்டை உடைத்தது என்று ஏமாற்றமாகப் பார்த்தார்.

மாவுமில் காசிராஜன் மதியத் தூக்கத்தில் பறிகொடுத்தவர். கண் விழித்தபோது மில் வாசல் திண்டில் அண்டா இல்லை. ஆள் யாரென்றே அவருக்குத் தெரியாது. அவர் கையோடு அளவுநாடா கொண்டு வந்திருந்தார். தேய்த்த இடத்தை அளந்துவிட்டு, இவ்வளவு நீளப் பெயர் இந்த ஊரில் எனக்குத்தான் உண்டு, அப்பா பெயர், தாத்தா பெயர், மில் பெயர் எல்லாம் வெட்டியிருந்தேன் என்றார். ஏட்டுக்கு அது நியாயமாகப் பட்டது.

மூன்றாமவர் மரியபுஷ்பம். சின்ன விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர். அவரிடம் இருந்தது அந்த ஒரே அண்டா. ஞாயிற்றுக்கிழமை ஒரு வளைகாப்புக்கு ஏழு வகை சாதம் ஒப்புக்கொண்டிருந்தார். கைவிட்டால் அந்தத் தெருவில் அடுத்து யாரும் கூப்பிட மாட்டார்கள். பேச்சிமுத்து அவர் வீட்டில் விறகு பிளக்க வந்தவன். இரண்டு நாள் மதியமும் அங்கேதான் சாப்பிட்டான். அதற்கடுத்த நாள் அண்டாவைக் காணோம்.

"சோறும் போட்டு, அண்டாவும் கொடுத்து அனுப்பியிருக்கீங்க. தாம்பூலம் வைக்கலியா?" என்றார் ஏட்டு.

"கழுவி வெளியே கவுத்திட்டுப் பூசைக்குப் போனது என் தப்புதான், சார். என் பேரு நாலே எழுத்து, 'புஷ்பம்'னு வெட்டியிருந்தது. அவ்வளவு இடம் பிடிக்காது. ஆனாலும் மனசு அது என்னுதுன்னுதான் சொல்லுது."

அவருக்குத்தான் தேவை அதிகம் என்று தமயந்தி மெல்லச் சொன்னாள்.

"தேவையைப் பார்த்துக் கொடுக்க இது ரேஷன் கடையாம்மா? சாயங்காலத்துக்குள்ள யார் பேரையாவது எழுதி கோர்ட்டுக்கு அனுப்பணும். உன் படிப்புல வழி இருந்தா சொல்லு. இல்லேன்னா காசிராஜன் அண்ணாச்சி பேர்தான்."

தமயந்தி பாத்திரக் கடைக்குப் போனாள். கூரை வரை பழைய குடங்களும் தவலைகளும் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் யார் யார் பெயரோ. பேச்சிமுத்துவின் சாக்கில் வந்த வேறு சில சாமான்களையும் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். ஒரு குத்துவிளக்கு, இரண்டு செம்புகள், எல்லாம் ஆளில்லாத வீடுகளில் எடுத்தவை. அவற்றின் சொந்தக்காரர்களை அவன் கண்ணால்கூடக் கண்டதில்லை. ஒரு பெயரையும் அவன் தொட்டிருக்கவில்லை.

இந்த அண்டாவை மட்டும் ஏன் சந்தேகப்பட்டீர்கள் என்று கேட்டாள்.

"பழைய பாத்திரம்னா பேர் இருக்கத்தானே செய்யும்? பேர் இருந்தா நான் ஏன் கேக்கப்போறேன்? தேய்ச்சுக் கொண்டாந்தானே, அதனாலதான் ஸ்டேஷனுக்குச் சொன்னேன். அரத்தைத் தொடாம இருந்தா அவன் இந்நேரம் டீ குடிச்சிட்டிருப்பான்."

தமயந்தி திரும்பி வந்து, தேய்த்த இடத்தை இன்னொரு முறை தடவிப் பார்த்தாள். பிறகு ஏட்டிடம் ஒரு பெயரைச் சொன்னாள்.

வாசகரே, நசுங்கலைக் காட்டியவர் ஒருவர். நீளத்தை அளந்தவர் ஒருவர். தன் பேச்சாலேயே தன் கட்சியைக் கெடுத்துக்கொண்டவர் ஒருவர். அந்த அண்டா யாருடையது? தமயந்தி சொன்ன பெயர் எது, எதை வைத்துச் சொன்னாள்?

விடை: மரியபுஷ்பத்தின் பெயர். பெயரை அழித்ததால் பேச்சிமுத்துவுக்கு ஒரு லாபமும் இல்லை, மாட்டிக்கொண்டதே அதனால்தான். முகம் தெரியாதவர்களின் பெயர்களை அவன் அப்படியே விற்றான். லாபமில்லாத காரியத்தைத் திருடன் செய்தால் அது தன் கண்ணை உறுத்தியதால் செய்தது. அவன் முகம் பார்த்துப் பழகிச் சோறு உண்டது ஒரு வீட்டில்தான். நாலெழுத்துக்கு உள்ளங்கை அகலம் எதற்கு என்றால், அழிந்த பிறகும் அவன் கை நிற்கவில்லை. ஏட்டு நம்பாமல், 'அது புஷ்பத்தம்மா அண்டாதானா, லே?' என்று கம்பிக்கு வெளியிலிருந்து அதட்ட, "அந்தப் பேர் என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு, சார்" என்றான் பேச்சிமுத்து. மரியபுஷ்பம் அவனை நிதானமாகப் பார்த்தார். "தேய்க்கிறதுதான் தேய்ச்சே, முழு அண்டாவையும் தேய்ச்சிருக்கக் கூடாதா? விசேஷத்துக்குப் பளபளன்னு இருந்திருக்கும்."