நீளமாக வெட்டிய நூல்

திருமக்காளுக்கு இழைக்கப்பட்ட துரோகங்கள் ஐந்து. வரிசை மாற்றிச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது.

முதலாவது, நூல் மில் முதலாளி செய்தது. பஞ்சுத் தூசியில் பெண்கள் இருமிக்கொண்டே வேலை பார்த்தார்கள். மூக்கில் கட்டிக்கொள்ளத் துணி கேட்டாள். துணி வரவில்லை. வேலைநீக்க உத்தரவு வந்தது.

இரண்டாவது, சங்கத் தலைவர் செய்தது. அவள் மில் வாசலில் வெயிலில் நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, புருஷன் செய்தது. மறியலில் கைதானவள் சிறையிலிருந்து திரும்பி வந்தபோது வாசலில் அவனுடைய செருப்பைக் காணோம். அதைப் போட்டுக்கொண்டு அவனும் போய்விட்டிருந்தான்.

நான்காவது, தெருமுனை டாக்டர் செய்தது. மார்பில் கட்டி என்றவளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "வயசானா அப்படித்தாம்மா" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையை நம்பி அவள் காத்திருந்ததில், வலது மார்பையே எடுக்க வேண்டியதாயிற்று.

ஐந்தாவதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அதைச் செய்தது அவளுடைய உடம்பு. ஆபரேஷனுக்குப் பிறகு வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. கோயமுத்தூரில் எத்தனையோ மில் வாசல்களில் முஷ்டி மடக்கி உயர்ந்த கை அது. ஊரான் காட்டிக்கொடுப்பான், தெரியும். சொந்தக் கையுமா?

பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருந்தாள். சுவரில் விரல்களை மெல்ல ஏற்றச் சொல்லி, ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். "எண்ணாத அம்மிணி. சூப்பர்வைசர் வேலை அது" என்று சொல்லிவிட்டு வந்தவள், மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. இப்படியே விட்டால் தோள் இறுகிப்போகும் என்று எச்சரித்தார்கள்.

"இறுகிட்டுப் போகட்டும்" என்றாள். அதைச் சொல்லும்போது இடது கை வலது கையைத் தடவிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பழைய கேண்டீன் கூடம் ஒன்று உண்டு. வியாழக்கிழமைகளில் அங்கே மெஹருன்னிசா பூத்தையல் சொல்லிக்கொடுத்தாள். திருமக்காளுக்கு மகள் வயதுதான் இருக்கும். அதே நோய் வந்து, அதே ஆபரேஷன் செய்துகொண்டு, முன்பே அந்த வழியாக நடந்து போனவள். வகுப்புக்கு வந்த பெண்கள் எல்லோருக்கும் அதே நோய்தான். அங்கே யாரும் யாரையும் பாவமாகப் பார்ப்பதில்லை. திருமக்காள் அங்கே போனதும் அதற்காகத்தான்.

முதல் நாள், மொட்டைத் தலையில் முண்டாசு கட்டியிருந்த பழனாத்தாள் சத்தமாக வரவேற்றாள். "வாங்க தோழர். மயில் போடறீங்களா, ரோஜாப்பூவா?"

"பூப்போடறதுக்கு நான் ஆள் இல்ல. குற்றப்பத்திரிகை போடப்போறேன்."

பெண்கள் டீச்சரைப் பார்த்தார்கள்.

"போடுங்க்கா" என்றாள் மெஹர். "எங்க வழக்கத்தை மட்டும் கேட்டுக்கங்க. துணியில எதை வேணும்னாலும் தைக்கலாம். கடைசியில ஒரே ஒரு பேர் இருக்கணும். முடிஞ்சதும் தைச்சவங்களே அதைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கணும். நாங்க எல்லாரும் அந்தப் பேரைச் சத்தமாப் படிப்போம்."

"என்ற கை தூக்காது. வேற யாராச்சும் பிடிச்சுக்கட்டும்."

"வேற யாரும் பிடிக்கக் கூடாதுங்க்கா. தூக்க முடியற வரைக்கும் முடிச்ச துணி அலமாரியில இருக்கும்."

"இதென்ன சட்டம்? யாரைக் கேட்டுப் போட்ட?"

"எனக்கு முன்னால இருந்தவங்க போட்டது. நானும் உங்கள மாதிரிதான் சண்டை போட்டேன்."

குற்றப்பத்திரிகைக்குச் சாட்சிகள் வேண்டும். இவர்களைவிட நல்ல சாட்சிகள் கிடைக்க மாட்டார்கள் என்று திருமக்காள் வாய்விட்டே சொன்னாள். உட்கார்ந்தாள்.

சிவப்பு நூலைத்தான் எடுத்தாள். எடுக்காமல் இருந்தால்தான் அதிசயம். மெஹர் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். நூல் மடியிலிருந்து தரை வரைக்கும் போயிற்று.

"ஏனம்மிணி, ஆடு கட்டறதுக்கா இது? நூல்லயே பொறந்து வளந்தவ நான். இத்தன நீளம் விட்டாச் சிக்கு விழும்."

"விழுந்தா எடுத்துத் தரேன்."

திருமக்காள் பாதியைக் கடித்துத் துப்பினாள். மெஹர், கடித்தது தீர்ந்ததும் மறுபடி நீளமான நூலையே கோத்துக் கொடுத்தாள். இரண்டு வியாழன் இந்தப் போராட்டம் நடந்தது. டீச்சர் மசியவில்லை. கடிக்கிற வேலைதான் தனக்கு மிச்சம் என்று கண்டு திருமக்காள் விட்டுக்கொடுத்தாள். அவள் வாழ்க்கையில் விட்டுக்கொடுத்தது அபூர்வம். "இவ மட்டும் எங்க மில் முதலாளியா இருந்திருந்தா, சங்கமே கட்டியிருக்க முடியாது" என்று பழனாத்தாளிடம் புலம்பினாள்.

மழைக்காலம் வந்து போயிற்று. துணியில் ஒரு மூக்குத்துணி வந்தது. ஒரு பேனா வந்தது. ஒரு ஜோடி செருப்பு வந்தது. ஒரு மாத்திரை வந்தது. தூரத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. செருப்பின் வார் அச்சு அசலாக வந்துவிட்டதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் அதை விரித்துப் பார்த்துக்கொண்டே போவாள். புருஷன் செருப்பைப் பார்த்துச் சிரிப்பு வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

"அஞ்சாவது என்னங்க்கா?" என்றாள் மெஹர்.

"கை. கருங்காலிக் கை."

"கருங்காலின்னா?"

"வேலைநிறுத்தம் நடக்கறப்ப முதலாளி பக்கம் போயி வேலை செய்யற துரோகி."

"உங்க கை யார் பக்கம் போய் வேலை செஞ்சுது?"

"எங்கியும் செய்யல. என்ன சொன்னாலும் அசைய மாட்டேங்குது."

"வேலை செய்ய மாட்டேன்னு நிக்குது."

"ஆமா."

"அதுக்குப் பேரு கருங்காலியாக்கா?"

திருமக்காளின் ஊசி துணியிலேயே நின்றது.

பழனாத்தாள் தொடையில் தட்டினாள். "டீச்சர், அது ஸ்ட்ரைக்கு!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. மெஹர் சிரிக்கவில்லை. "எத்தனையோ பேரோட கோரிக்கையக் கேட்டீங்க. இதோட கோரிக்கை என்னன்னு கேட்டீங்களா?"

திருமக்காள் துணியை மடித்துப் பையில் வைத்தாள். அடுத்த வியாழன், ஐந்தாவது இடத்தில் ஒரு கை இருந்தது. விரல்கள் மடங்கவில்லை. விரிந்திருந்தன.

மிச்சம் இருந்தது பெயர் ஒன்றுதான்.

"நாலு பேர் குற்றவாளி. ஒரு பேர்தான் போடோணும்ங்கற. யாரைப் போட, யாரை விட?"

"அத நான் சொல்ல முடியாதுங்க்கா. இங்க இருக்கற தொண்டை எல்லாம் அன்னிக்கு உங்களுது. யாரு பேரச் சொல்லட்டும்?"

திருமக்காள் யோசித்தாள். முதலாளியின் பெயர் பள்ளிக்கூட வளைவில் கல்லிலேயே செதுக்கியிருக்கிறது. தலைவரின் பெயர் கொடிமரத்து மேடையில் இருக்கிறது. டாக்டரின் பெயர் இரவிலும் எரிகிற பலகையில் இருக்கிறது. ஓடிப்போன புருஷனின் பெயர்கூட ரேஷன் அட்டையில் இன்னும் முதலில் இருக்கிறது. இவர்கள் நாலு பேரில் யாருக்கு ஊரில் பெயர் குறைந்துபோயிற்று?

சுற்றிப் பார்த்தாள். மருந்து ஏறிக் கறுத்த நகங்கள். வாந்திக்கு நடுவே வந்து உட்கார்ந்து பூப்போடுகிற பெண்கள். இந்தத் தொண்டைகளை அவனுகளுக்குக் கொடுப்பதா?

துணியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் காட்டாமல் தைத்தாள்.

கடைசி எழுத்தின் கடைசித் தையல். நூலை இழுத்தாள். இழுத்துக்கொண்டே போனாள். நூல் முடிந்த இடத்தில் தன் வலது கையைப் பார்த்தாள். அது காதைத் தாண்டி, முண்டாசுத் தலைகளுக்கு மேலே, ஊசியைப் பிடித்துக்கொண்டு நின்றது. வலித்தது. ஆனாலும் நின்றது.

அப்படியே டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எப்ப இருந்து அம்மிணி இந்தத் திருட்டு வேலை?"

"முதல் நாள்ல இருந்துங்க்கா. ஒவ்வொரு வாரமும் நூலைக் கொஞ்சம் கூட்டி வெட்டினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா எண்ணிப் பார்த்திருப்பீங்க. எண்ணறது உங்களுக்குப் பிடிக்காதே."

திருமக்காள் எழுந்தாள்.

துணியின் இரண்டு முனைகளையும் பிடித்தாள். இடது கை முன்னால் போயிற்று. வலது கை தோளில் கொஞ்சம் தயங்கியது. அவள் அவசரப்படுத்தவில்லை. கேட்டுக்கொள்கிறவள் மாதிரி காத்திருந்தாள். அப்புறம் அதுவும் ஏறியது. முழங்கை முழுக்க நிமிரவில்லை. துணியின் ஓரம் நடுங்கியது. ஆனால் துணி தலைக்கு மேலே இருந்தது.

எப்போதும் கோஷத்தை அவள் முதலில் சொல்வாள், கூட்டம் திருப்பிச் சொல்லும். பழக்கத்தில் வாய் திறந்தது. சொல்ல எதுவும் இல்லை என்று மூடிக்கொண்டாள்.

"சாட்சிகள் படிக்கலாம்" என்றாள் மெஹர்.

பழனாத்தாள் எழுத்துக் கூட்டி ஆரம்பித்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பழைய கேண்டீன் கூடம் அதிரப் படித்தார்கள்:

"திருமக்காள்!"