நான்காவது பட்டன்

குருவுக்கு முப்பத்திரண்டு வயது, சீடருக்கு அறுபத்தொன்று. இதில் ஏதோ தலைகீழாக இருப்பதாக அவர்கள் இருவருக்கும் தோன்றியதில்லை. ரிஸ்வானா டீச்சர் சிங்காநல்லூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், சால்டரிங் புகை வாசம் என்றைக்கும் போகாத ஓர் அறையில், கருவிகளை இயக்கும் குட்டிச் சிப்பான மைக்ரோகண்ட்ரோலர் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். மருதாசலம் நூற்பாலையில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் மூன்று மாதம் படித்துவிட்டு நடையைக் கட்டினார்கள். இவர் ஒன்றரை வருடமாக வந்துகொண்டிருந்தார்.

காரணம் அவருடைய மனைவி துளசிமணி. இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது பக்கமும் தளர்ந்து, அசைவதற்கு இடது கையின் கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

ஒரு வியாழக்கிழமை மாலை மருதாசலம் ஒரு மஞ்சள் பையோடு மாடியேறி வந்தார். பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி. இன்னொன்று உள்ளங்கையில் கட்டிக்கொள்ளும்படி நாடா தைத்த சின்ன ரிமோட். அதில் நான்கு பட்டன்கள். இரண்டும் அவர் கையால் செய்தவை.

"டீச்சர், ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்கண்ணா."

"ஒரு மனுசிக்கு உள்ளே புத்தி இருக்குதா இல்லையான்னு கண்டுபுடிக்க ஒரு கருவி செய்ய முடியுமுங்களா?"

ரிஸ்வானா கையிலிருந்த சால்டரிங் கம்பியைத் தாங்கியில் வைத்தார். "அக்காவுக்கா?"

"ஆமாங்க. ஞாயித்துக்கெழம மக வர்றா, பெங்களூர்ல இருந்து. அங்கே ஒரு ஹோம் பார்த்து வெச்சிருக்கா. அம்மாவுக்குத்தான் ஒண்ணுமே தெரியலியேப்பா, எங்கே இருந்தா என்ன, நீங்களும் எத்தனை நாளைக்குத் தனியாப் பாப்பீங்கங்கறா. அவ மேல தப்பில்லீங்க. டாக்டரும் உறுதியாச் சொல்ல மாட்டேங்கறார். நான்தான் தெரியும் தெரியும்னு சொல்லிட்டிருந்தேன்."

"இப்ப?"

"இப்ப எனக்கே சந்தேகமாப் போச்சுங்க."

சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தாறு வருடத்தில் ஒரு மிஷினைப் பார்த்துக்கூட அவர் அப்படிச் சொன்னது கிடையாது.

நடந்தது இதுதான். டி.வி. ரிமோட் போலக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தால் பேசும் ரிமோட் அது. முதல் பட்டன் ஃபேன், இரண்டாவது லைட், மூன்றாவது ரேடியோ. ஒருமுறை அழுத்தினால் ஓடும், மறுமுறை அழுத்தினால் நிற்கும். நான்காவது பட்டனுக்கு வேலை இல்லை. கடையில் நான்கு பட்டன் வரிசையாகத்தான் கிடைத்தது என்பதால் அது சும்மா இருந்தது. துளசிமணியின் இடது உள்ளங்கையில் கட்டி எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் அவள் அழுத்தி ஃபேன் ஒரு தடவைகூட நிற்கவில்லை, லைட் ஒரு தடவைகூட அணையவில்லை.

"ரிமோட் நல்லா இருக்குதுங்க. சமையல் மேடை மேல ரேடியோவ வெச்சுப் பத்துத் தடவை டெஸ்ட் பண்ணுனேன். பத்துக்குப் பத்து. அவ கையில கட்டுனா ஒண்ணும் நடக்கறதில்ல. அப்பப் பழுது எங்கே இருக்குதுன்னு சொல்லுங்க."

"அக்கா ரூம்ல வெச்சு நீங்க அமுத்திப் பாத்தீங்களா?"

"அங்கே எதுக்குங்க? ஒருக்கா டெஸ்ட் பண்ணுன மிஷின எடத்துக்கு எடம் டெஸ்ட் பண்ணுவாங்களா?"

ரிஸ்வானா பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன செய்யுது?"

மருதாசலத்தின் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. அந்தப் பெட்டியில் அவருக்குப் பெருமை உண்டு. துளசிமணியின் கட்டிலுக்கு எதிரே சுவரில் இருப்பது அது. காலை ஐந்தரைக்கு ரேடியோவில் பக்திப் பாட்டு. ஆறு மணிக்கு லைட். ஃபேன் எப்போதும் மூன்றாம் நம்பர். மில்லில் சங்கு ஊதினால் ஷிஃப்ட் மாறுகிற மாதிரி, அவளுடைய ஒரு நாள் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் நேரம் தப்பாமல் எழுதப்பட்டிருந்தது.

ரிஸ்வானா பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார். தன் செல்போன் கேமராவைத் திறந்து, பெட்டியின் முன்புறம் துருத்திக்கொண்டிருந்த சின்ன எல்.இ.டி.க்கு நேரே பிடித்தார். வெறும் கண்ணுக்கு அது இருட்டாகத்தான் இருந்தது. செல்போன் திரையில், ரிமோட் பேசும் அதே வெளிச்சம் ஊதா நிறத்தில் துடித்தது. துடித்துக்கொண்டே இருந்தது.

"இது எப்பண்ணா நிறுத்தும்?"

"நிறுத்தாதுங்க. அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"எதுக்கு?"

"கரண்ட் போயிட்டு வந்தா ஃபேன், லைட் எல்லாம் நின்ன எடத்தை மறந்துருதுங்களே. அதுக்குத்தான், மூணு நம்பர்ல ஓடு, மூணு நம்பர்ல ஓடுன்னு சொல்லிட்டே இருக்கும். எப்பக் கரண்ட் வந்தாலும் எல்லாம் அதது எடத்துக்கு வந்துரும். அவளுக்கு ஒரு நிமிசம்கூட ஒரு குறையும் வரக்கூடாதுங்க."

ரிஸ்வானா செல்போனை மேசைமேல் வைத்தார். பிறகு மின்சாரத்தைப் பிடுங்கினார். பெட்டியைத் திறந்து, சூடான கம்பியை வைத்து, அந்த எல்.இ.டி.யைக் கழற்றி எடுத்துவிட்டார்.

மருதாசலம் எழுந்தே விட்டார். "டீச்சர், அதுதானுங்களே வாயி."

"ஆமாண்ணா. காது இருக்கு, அதைத் தொடலை."

பெட்டியில் கேட்பதற்கும் ஒரு ரிசீவர் இருந்தது. எல்லாப் பெட்டியிலும் வைப்பது வழக்கம் என்பதால் மருதாசலமும் வைத்திருந்தார், ஆனால் அதற்கென்று ஒரு வரிகூட எழுதவில்லை. ரிஸ்வானா கம்ப்யூட்டரில் நான்கு வரி எழுதிப் பெட்டிக்குள் ஏற்றினார். காதில் எது விழுந்தாலும், எந்தப் பட்டன், எத்தனை மணி என்று குறித்து வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

"கரண்ட் போயிட்டு வந்தா என்னுங்க பண்றது?"

"போயிட்டு வரட்டும். நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

குரு சொன்னால் சொன்னதுதான். மருதாசலம் மனம் ஒப்பாமல் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஞாயிற்றுக்கிழமைக்கு இடையில் இரண்டு நாள்தான் இருந்தது. இருந்த பெட்டியையும் ஊமையாக்கிக்கொண்டு போகிறோமே என்று வழியெல்லாம் புலம்பினார்.

ராத்திரியே பெட்டியைச் சுவரில் மாட்டி, ரிமோட்டைத் துளசிமணியின் கையில் கட்டிவிட்டார். மறுநாள் காலை ஐந்தரைக்குப் பெட்டி ரேடியோவைப் போடவில்லை. மருதாசலம் தானே போய்ப் போட்டார். பாட்டுப் பாதியில் ரேடியோ நின்றது. பிளக் ஆடுகிறது என்று நினைத்து அழுத்திவிட்டு மறுபடி போட்டார். மறுபடி நின்றது. பெட்டியைக் கழற்றியதால் வந்த வினை, டீச்சர் ஏதோ ஏடாகூடம் பண்ணிவிட்டார் என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்றாம் முறை போட்டுவிட்டு, வயரைப் பார்க்கத் திரும்பினார்.

அப்போதுதான் துளசிமணியின் கட்டைவிரல் கண்ணில் பட்டது. அது மூன்றாவது பட்டனை மெதுவாகத் தேடிப் போய் அழுத்தியது. ரேடியோ நின்றது.

"துளசி, நீயா?"

துளசிமணி அவரைப் பார்த்தாள். விரல் நகர்ந்து முதல் பட்டனுக்கு வந்தது. ஃபேன் நின்றது. இறக்கைகள் சுற்றி ஓய்கிற சத்தம் வரைக்கும் அந்த அறையில் கேட்டது.

கல்யாணம் ஆன புதிதிலிருந்தே அவளுக்கு விடியற்காலை ஃபேன் ஆகாது. அவருக்கு ஃபேன் இல்லாமல் ஆகாது. இதற்காக இருவரும் போடாத சண்டை இல்லை. அவர் நைட் ஷிஃப்ட் போகும் வாரத்தில்தான் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று அவள் வாய்விட்டே சொல்லியிருக்கிறாள். அதெல்லாம் அவருக்கு மறந்தே போயிருந்தது. மருதாசலம் கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதார். கம்பளியை இழுத்து அவள் தோள்வரை மூட வேண்டும் என்பது அழுது முடித்த பிறகுதான் தோன்றியது.

அன்று மாலை பக்கத்து வீட்டு அம்மாவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மருதாசலம் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார். அறுபத்தொரு வயதில் அது வேண்டாத வேலைதான்.

"அவளுக்கு எல்லாம் தெரியுதுங்க டீச்சர். எல்லாம்."

ரிஸ்வானா அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "இத்தனை நாளும் உங்க பெட்டி ஓயாமப் பேசினதுல, அக்கா பட்டன் அமுத்தினது எதுக்கும் கேக்கலைண்ணா," என்றார். பிறகு பெட்டியைக் கம்ப்யூட்டரில் இணைத்தார். திரையில் ஒரு பட்டியல் ஓடியது. ஃபேன் பட்டன் நான்கு முறை. லைட் ஐந்து முறை. ரேடியோ பட்டன் மூன்று முறை, மூன்றும் காலையில். வேலையே இல்லாத நான்காவது பட்டன் முப்பத்தொரு முறை.

மருதாசலத்தின் முகம் சுருங்கிப்போனது.

"முப்பத்தொண்ணுங்களா?"

"முப்பத்தொண்ணு."

"அந்தப் பட்டனை அமுத்துனா ஒண்ணுமே நடக்காதுங்களே. அவளுக்கும் நான் சொல்லியிருக்கேன், இது சும்மா, தொடாதேன்னு. அப்புறம் எதுக்கு முப்பத்தொரு தடவை..." அவர் நிறுத்தினார். "அப்ப மத்ததும் கை பட்டுத்தானுங்களா? மக இதைப் பாத்தா அதைத்தான் சொல்லுவா."

ரிஸ்வானா ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் தள்ளினார்.

"நாலாவது பட்டன் நேரத்தை மட்டும் படிக்கறேன். அந்த நேரம் நீங்க எங்கே இருந்தீங்கன்னு பக்கத்துல எழுதுங்க."

"இது எதுக்குங்க?"

"எழுதுங்கண்ணா. ஆறே கால்."

"பால் வாங்கப் போயிருந்தேனுங்க." எழுதினார்.

"ஆறு பதினேழு. ஆறு இருபது."

"பாலுக்குத்தான். அங்கே ஒருத்தர் புடிச்சுப் பேசிட்டிருந்தார்."

"ஏழு பத்திலிருந்து ஏழு இருபதுக்குள்ளே ஆறு தடவை."

"குளிச்சிட்டிருந்தேனுங்க."

"எட்டே முக்கால்."

"அடுப்படியில, தோசை ஊத்திட்டிருந்தேன்."

"பத்து மணியிலிருந்து பன்னெண்டு வரைக்கும் ஒண்ணுமே இல்லை."

மருதாசலம் யோசித்தார். "அப்ப அவ பக்கத்துல உக்காந்து கீரை ஆய்ஞ்சிட்டிருந்தேனுங்க. காலையில நடந்ததுக்கு அப்புறம் எந்திரிச்சுப் போக மனசு வரல."

"அதையும் எழுதுங்க."

அவர் எழுதினார். ஃபிட்டர் கையெழுத்து, கட்டைகட்டையாக இருக்கும்.

"மூணு அஞ்சிலிருந்து மூணரை வரைக்கும் பன்னெண்டு தடவை."

"தண்ணி வந்துதுங்க. கீழே இருந்து கொடம் கொடமா..." பேனா தாளின்மேல் நின்றது. அவர் அடுத்த வார்த்தையை எழுத ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

ரிஸ்வானா அவசரப்படுத்தவில்லை. அவர் நிமிர்ந்த பிறகு இன்னும் சில நேரங்களைப் படித்தார். அவர் ஒவ்வொன்றாக எழுதினார். மொட்டை மாடி. வாசல். குப்பை வண்டி. சமையலறை. பட்டியல் கடைசி வரிக்கு வந்தது.

"நாலு அம்பத்திரண்டு."

மருதாசலம் பேனாவைக் கீழே வைத்தார். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"பக்கத்து ரூம்ல சட்டை மாட்டிட்டிருந்தேனுங்க. இங்கே வர்றதுக்கு."

"எழுதுங்க."

எழுதினார். தாள் நிறைந்துவிட்டது. இடது பக்கம் நேரங்கள், வலது பக்கம் அவர் போன இடங்கள், எல்லாம் அவருடைய கையெழுத்தில். கீழே ரோட்டில் பஸ்கள் போகும் சத்தம் கேட்டது. அவர் தாளை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். கீழிருந்து மேலே இன்னொரு முறை படித்தார். பிறகு நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலிருந்து கையால் தடவிக்கொண்டார்.

எல்.இ.டி. மேசை ஓரத்தில் ஒரு மூடியில் கிடந்தது. அதை அவர் பார்த்தார், எடுக்கவில்லை. பெட்டியை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். எத்தனை பழகினாலும் ஃபிட்டர் புத்தி போகுமா?

"டீச்சர், அந்த நாலாவது பட்டன் இனிச் சும்மா இருக்க வேண்டாமுங்க. அதுக்கு என்ன வேலை கொடுக்கட்டும்?"

ரிஸ்வானா கம்பியை மறுபடி சூட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா எட்டு மாசம் முன்னாடியே கொடுத்துட்டாங்கண்ணா. நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க, கூப்பிட்டுட்டிருப்பாங்க."